சந்திரலேகாவின் முரசுக்குள் இருந்தவர்கள்

எங்க அம்மாச்சிக்கு சினிமான்னாலே ஆகாது. டிவியில பாட்டு ஓடினாக்கூட "அந்தச் சனியனை அமத்து" என்பார். ஆனா ஒரே ஒரு படத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அது ‘சந்திரலேகா’. காரணம் ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. 2011இல் லேப்டாப்பில் அந்த முரசு நடனத்தைப் போட்டுக் காட்டினேன். ராட்சச முரசுகளைக் கிழித்துக்கொண்டு வீரர்கள் வெளியே குதிக்கிற இடம் வந்ததும், "நிறுத்து நிறுத்து, திரும்பப் போடு" என்றார். நாலு தடவை போட்டேன். அப்புறம்தான் சொன்னார்: "இதுல ஒருத்தன் எங்கண்ணன்டா."

அம்மாச்சியின் அண்ணன் ராஜபாளையத்திலிருந்து 1945 வாக்கில் வீட்டைவிட்டு ஓடிப்போனவர். முதலில் மதுரைப் பக்கம் நாடகக் கம்பெனி, பிறகு மெட்ராஸ். "ஜெமினியில ஆட்டக்காரனா இருக்கேன், பெரிய படம், முரசுக்குள்ள இருந்து குதிக்கிறேன்" என்று ஒரே ஒரு கார்டு வந்ததாம். அதற்குப் பிறகு தகவல் இல்லை. படம் வந்து கொஞ்ச காலம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் டூரிங் டாக்கீஸில் ஓடியபோது, மில்லில் வேலை பார்த்த கொள்ளுத்தாத்தா பிள்ளைகளை மாட்டு வண்டியில் கூட்டிப்போயிருக்கிறார். சினிமாவே கூடாது என்றிருந்த மனுஷன் அந்த ஒரு படத்தை மூன்று நாள் தொடர்ந்து போய்ப் பார்த்தாராம்.

இதில் எவ்வளவு உண்மை என்று தேடப் போய்த்தான், அந்தப் படத்துக்குப் பின்னால் இருந்தவர்களைப் பற்றிக் குறிப்பெடுக்க ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகளின் சுருக்கம்தான் இந்தப் பதிவு.

பெயர்தான் முதலில் வந்தது

‘சந்திரலேகா’ தமிழில் 1948 ஏப்ரல் 9 அன்று வெளியானது. தயாரிப்பு, இயக்கம் எஸ்.எஸ்.வாசன். ஆனந்த விகடன் வாசன்தான். 1943இல் ‘மங்கம்மா சபதம்’ நன்றாக ஓடிய கையோடு இந்தப் படத்தை அறிவித்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால், அப்போது கதை இல்லை. சந்திரலேகா என்கிற பெண்ணைப் பற்றி ஒரு கதை சொல்லியிருக்கிறார்கள். கதை வாசனுக்குப் பிடிக்கவில்லை, பெயர் பிடித்துவிட்டது. பெயருக்கு ஏற்ற கதையைத் தேடும் வேலை ஜெமினியின் கதை இலாகாவுக்கு வந்தது.

வேப்பத்தூர் கிட்டு ஒரு பழைய ஆங்கில நாவலைப் படித்துக்கொண்டிருந்தார். ஜி.டபிள்யு.எம்.ரெனால்ட்ஸ் எழுதிய ‘ராபர்ட் மெக்கெயர்’. அதன் தொடக்கத்தில் கொள்ளையர்கள் வண்டியை மறித்து, உள்ளே ஒளிந்திருக்கும் பெண்ணை இழுத்து ஆடச் சொல்லும் காட்சி வரும். அந்த ஒரு பொறியை வைத்து முழுக் கதையையும் கட்டினார்கள். கிட்டுவோடு கே.ஜே.மகாதேவன், கொத்தமங்கலம் சுப்பு, சங்கு சுப்பிரமணியம் எல்லோரும் அந்த இலாகாவில் இருந்தவர்கள். இரண்டு இளவரசர்கள், ஒரு கிராமத்து ஆட்டக்காரி, நடுவில் ஒரு சர்க்கஸ். கதை இவ்வளவுதான்.

யார் யாராக நடிப்பது

சந்திரலேகாவாக டி.ஆர்.ராஜகுமாரி. மூத்தவன் வீரசிம்மனாக எம்.கே.ராதா, இளையவன் சசாங்கனாக ரஞ்சன். இந்த மூன்று பெயரும் சுலபமாக அமைந்துவிடவில்லை. வில்லன் வேடத்துக்கு முதலில் யோசித்தது கதை இலாகாவின் மகாதேவனைத்தான். ஆள் ரொம்ப மென்மையாகத் தெரிகிறார் என்று விட்டுவிட்டார்கள். பிறகு அதே வேடம் எம்.கே.ராதாவிடம் போனது. வில்லனாக நடித்தால் பெயர் கெட்டுவிடும் என்று அவர் தயங்க, கடைசியில் கதாநாயகன் ஆனார். ரஞ்சன் வந்ததில் படத்துக்குத்தான் லாபம். அவர் நடனமும் தெரிந்தவர், வாளும் தெரிந்தவர். கடைசி வாள்சண்டையை இன்றைக்குப் பார்த்தாலும் கால் எங்கே வைக்கிறார் என்று பாருங்கள், நடனக்காரரின் கால் அது.

என்.எஸ்.கிருஷ்ணன் வந்த கதை வேறு. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறையில் இருந்தவர் 1947இல் விடுதலையானார். படம் பாதிக்கு மேல் வளர்ந்துவிட்டிருந்த நேரம். அவருக்காகவும் டி.ஏ.மதுரத்துக்காகவும் காட்சிகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன.

விட்டுப் போனவர்கள்

இந்தப் படத்தை இயக்க ஆரம்பித்தவர் வாசன் இல்லை. ஆச்சார்யா என்று அழைக்கப்பட்ட டி.ஜி.ராகவாச்சாரி. ‘மங்கம்மா சபத’மும் அவர் இயக்கியதுதான். இருவருக்கும் கருத்து வேறுபாடு வர, அவர் விலகிக்கொண்டார். அதுவரை படம் இயக்கியிராத வாசன் தானே பொறுப்பேற்று முடித்தார். இன்றைக்கு எல்லோரும் ‘வாசனின் சந்திரலேகா’ என்கிறோம்.

ஒளிப்பதிவிலும் இதே மாதிரிதான். கமால் கோஷ் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவரோடு உழைத்த கே.ராம்நாத், படம் முடியும் முன்பே 1947இல் ஜெமினியைவிட்டுப் போய்விட்டார். பின்னாளில் ‘ஏழை படும் பாடு’, ‘மர்மயோகி’ இயக்கியவர் அவர்தான். முரசு நடனத்தைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் எழுதும்போதெல்லாம் அவர் பெயரும் கூடவே வரும்.

பணம் போன இடம்

படத்துக்குச் செலவு சுமார் 30 லட்சம் ரூபாய். 1940களின் ரூபாய் என்பதை மறந்துவிடக் கூடாது. ஐந்து வருஷம் வேலை நடந்தது. சர்க்கஸ் காட்சிகளுக்காகக் கிட்டு ஊர் ஊராகப் போய்ப் பல சர்க்கஸ்களைப் பார்த்து, கடைசியில் கமலா சர்க்கஸையும் பரசுராம் லயன் சர்க்கஸையும் பிடித்து வந்தார். குகை வாயிலை அடைத்திருக்கும் பாறையை யானைகள் நகர்த்தும் காட்சி அந்தக் கூட்டணியில் வந்ததுதான்.

அடுத்தது முரசு நடனம். நடன அமைப்பு ஜெயசங்கர், அரங்க அமைப்பு ஏ.கே.சேகர், இசை எஸ்.ராஜேஸ்வர ராவ். சுமார் 400 ஆட்டக்காரர்கள், ஆறு மாசம் தினசரி ஒத்திகை. திரையில் அது சில நிமிஷம்தான். ஆனால் வெறும் ஆட்டமாக அதை வைக்கவில்லை. சசாங்கனை மணக்கச் சம்மதிப்பதுபோல நடிக்கும் சந்திரலேகா கேட்கிற நிபந்தனைதான் அந்த ஆட்டம். முரசுகளுக்குள் வீரசிம்மனின் ஆட்கள் ஒளிந்திருக்கிறார்கள். ஆட்டம் முடிகிற இடத்தில் போர் தொடங்குகிறது. அதாவது அந்தக் காட்சியில் கதையை நகர்த்துவது நட்சத்திரங்கள் இல்லை, முரசுக்குள் இருந்தவர்கள்.

ஜெமினிக்குள் சம்பளப் பட்டியலில் இருந்த ஆட்களால்தான் இது முடிந்தது. அன்றைய ஸ்டூடியோ முறையில் நடிகர், தச்சர், தையற்காரர், ஆட்டக்காரர் என்று பலரும் மாசச் சம்பளக்காரர்கள். படம் ஐந்து வருஷம் இழுத்தாலும் ஆட்கள் கலையவில்லை. ஓடிவந்த பையன்களுக்கு அது மூன்று வேளைச் சாப்பாடு.

தமிழில் நன்றாக ஓடியும் போட்ட பணம் திரும்பவில்லை. வாசன் இந்திக்கு மாற்றி, அதே 1948 டிசம்பர் 24 அன்று வடக்கே வெளியிட்டார். வடக்கே விநியோகத்தில் கைகொடுத்தது தாராசந்த் பர்ஜாத்யாவின் ராஜ்ஸ்ரீ. தெற்கே எடுத்த படம் வடக்கேயும் ஓடும் என்று பெரிய அளவில் நிரூபித்தது அதுதான். ‘பாகுபலி’ பார்த்துவிட்டு "இப்படி ஒண்ணு முன்னால நடந்ததே இல்லை" என்று பேசிக்கொண்ட என் நண்பர்களுக்கு இதைச் சொன்னேன், நம்பவில்லை.

600 பேர், ஒரே வரி

சரி, அம்மாச்சியின் அண்ணன்? படத்தின் தொடக்கத்தில் வரும் பெயர்ப் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். பெரிய பெயர்கள், சின்னப் பெயர்கள் எல்லாம் வந்த பிறகு ஒரு வரி இருக்கிறது: ‘100 ஜெமினி பாய்ஸ், 500 ஜெமினி கேர்ள்ஸ்’. அவ்வளவுதான். அறுநூறு பேருக்கு ஒரு வரி.

முதலில் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால், அந்த வரிகூடப் போடாத படங்கள்தான் அதிகம். ஆனாலும் எண்ணிக்கை பெயர் ஆகாது. அந்த நூறில் ஒருவருக்காக ஒரு வீடு மூன்று நாள் டிக்கெட் எடுத்திருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரை நேரில் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வடம் பிடிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில். ஆனால் அவ்வளவு பெரிய தேர் வளைவில் திரும்புவதும் நிற்பதும் சக்கரத்துக்கடியில் கட்டை போடுகிற சில பேர் கையில் இருக்கிறது. கொஞ்சம் பிசகினால் உயிர் போகும். கட்டை போட்டவர் யார் என்று மறுநாள் பேப்பரில் வராது. ஆனா எங்க ஊர்ப் பக்கம் கேட்டால் இன்னார் மகன், இன்னார் பேரன் என்று வீடு வீடாகச் சொல்வார்கள். அங்கே அந்தக் கணக்கு வாய்வழியாக இருக்கிறது. ஜெமினியின் நூறு பையன்களுக்கு அப்படி ஓர் ஊர் இல்லாமல் போய்விட்டது. ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊரிலிருந்து ஓடிவந்தவர்கள்.

அம்மாச்சியிடம் இந்த வரியைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நூத்துல ஒண்ணுன்னு போட்டிருக்கான்ல, அது போதும்" என்றார். எந்த முகம் என்று நான் கேட்டதற்கு மட்டும் கடைசிவரை ஒரே பதில் வரவில்லை. ஒரு நாள் இடப்பக்கம் குதிப்பவர் என்பார், இன்னொரு நாள் பின்னால் கத்தியோடு ஓடுபவர் என்பார். 2014இல் அவர் போய்ச் சேர்ந்தார்.

உங்க வீட்டிலும் "நம்மாளு ஒருத்தர் அந்தப் படத்துல இருந்தாரு" என்று ஒரு கதை இருக்கலாம். சிரித்துவிட்டுப் போகாமல், பெயர், ஊர், வருஷம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சொல்கிறவர் இருக்கும்போதே கேளுங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கார்டை யார் வைத்திருந்தார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றியபோது, கேட்க வேண்டிய ஆள் இல்லை.