வண்ணத்துப்பூச்சிப் பூங்கா

இலங்கையின் கீழைக் கரையில் மட்டக்களப்பு என்னும் நகரம் உளது. நிலவொளி வீசும் இரவுகளில் அதன் வாவியில் மீன்கள் பாடும் என்பர் அவ்வூரார். அதனால் அந்நாட்டிற்கு மீன்பாடும் தேன்நாடு என்ற பெயரும் உண்டு. ஆயின் 1983-இல் மூண்டு 2009-இல் முடிந்த உள்நாட்டுப் போரின்போது அத்தேன்நாட்டுச் சிறுவர் கேட்டது மீன்களின் பாட்டன்று, வெடியோசையே. தந்தையை இழந்தோரும், வீடு எரியக் கண்டோரும், இரவோடிரவாக ஊரைவிட்டு ஓடியோரும் அவருட் பலர். அடுத்தடுத்து இருந்த தமிழர் சிற்றூர்களும் முஸ்லிம் சிற்றூர்களும் ஒன்றையொன்று அஞ்சி வாழ்ந்தன.

போர் ஓயாத 1996-ஆம் ஆண்டில் அந்நகரில் ஒரு பூங்கா திறக்கப்பட்டது. கனடா நாட்டு ஓவியர் பால் ஹோகனும், இயேசு சபைத் துறவியாகிய பால் சற்குணநாயகம் அடிகளும் அதனை உருவாக்கியோருள் முதன்மையானோர். அதற்கு வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்கா என்று பெயரிட்டனர். இரு சமூகத்துப் பிள்ளைகளும் பேருந்தில் அங்கு அழைத்து வரப்பட்டனர். மர நிழலில் அமர்ந்து படம் வரைந்தனர். களிமண்ணிற் பொம்மை செய்தனர். கதை கட்டி நாடகம் ஆடினர். செடிகளையும் விலங்குகளையும் பேணினர்.

விளையாட்டுப் போன்ற இச்செயல்கள் உள்ளத்துப் புண்ணை எங்ஙனம் ஆற்றும் என்று நீங்கள் வினவலாம். 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலையில் தப்பிய ஒரு சிறுவனை எண்ணிப் பாருங்கள். நடந்ததைச் சொல் என்றால் அவனுக்கு நா எழாது. பேரச்சம் பெரும்பாலும் சொல்லாகத் தங்குவதில்லை. ஒரு காட்சியாக, ஓர் ஓசையாக, ஒரு நாற்றமாகத் தங்கி, அழையாமலே மீண்டும் மீண்டும் வரும். தாளும் வண்ணமும் கிடைத்தால் அவன் அக்காட்சியை வெளியே எடுத்து வைக்கிறான். உள்ளே இருந்தவரை அலை அவனை ஆண்டது. தாளிற்கு வந்தபின் அவன் அலையை ஆள்கிறான். அதனைச் சிறிதாக்கலாம், அதன்மேல் ஒரு படகை மிதக்கவிடலாம், வேண்டாவெனிற் கிழித்தெறியலாம்.

அருகிருக்கும் பெரியவர்க்குப் பொறுமை வேண்டும். திருவேங்கடத்திலோ சங்கரன்கோவிலிலோ சுவரிற் கரிக்கட்டியாற் கிறுக்கும் பிள்ளையை நாம் அதட்டுகிறோம். இங்கு அதட்டலும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. 'இப்படத்தைப் பற்றிச் சொல்கிறாயா?' என்று கேட்கலாம். பிள்ளை வாய் திறவாவிடின் வற்புறுத்தலாகாது. சிலர் படத்தைச் சோதிடம்போற் படிக்க முற்படுவர். கறுப்பு நிறம் துயரத்தின் அடையாளம் என்பர். பிள்ளையின் கையிற் கிடைத்த வண்ணக்கோல் அஃது ஒன்றே என்பதும் காரணமாகலாம் அன்றோ! உறக்கமும் உணவும் இழந்து வாடும் பிள்ளைக்கு ஓவியம் மட்டும் போதாது. மனநல மருத்துவரின் துணையும் வேண்டும்.

இவ்வழி புதியதன்று. இரண்டாம் உலகப் போரின்போது, இன்றைய செக் நாட்டிலுள்ள தெரசின் என்னும் கோட்டை நகரில் நாசிகள் யூதர்களை அடைத்து வைத்தனர். 1942 டிசம்பரில் அங்குக் கொண்டுவரப்பட்ட ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்னும் பெண் ஓவியர், சிறைப்பட்ட பிள்ளைகளுக்கு மறைவாகப் படம் வரையக் கற்பித்தார். ஒவ்வொரு படத்திலும் தத்தம் பெயரை எழுதச் செய்தார். 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். வரைந்த பிள்ளைகளுள் பெரும்பாலோரும் பிழைக்கவில்லை. அவர் இரண்டு பெட்டிகளில் வைத்துச் சென்ற ஏறத்தாழ 4,500 படங்கள் பிராக் நகரின் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பலவற்றில் அப்பிள்ளைகள் எழுதிய பெயர்களை இன்றும் படிக்கலாம்.