பழைய மடிக்கணினிக்கு இயக்கி தேடும்போது திறவுகோலை யாரிடம் கொடுக்கிறோம்?

மேல்கோட்டை என்றவுடன் செலுவநாராயணர் திருக்கோயிலும், மலைமேல் யோக நரசிம்மரும், கல்யாணித் திருக்குளமும், பங்குனி வைரமுடி சேவையும் நினைவிற்கு வரும். இராமானுசர் தங்கியிருந்த திருநாராயணபுரம் இதுவே. இங்குள்ள குடும்பங்கள் பலவற்றில் இன்றும் வீட்டு மொழி தமிழாக இருப்பதால், எங்கள் கிளையில் கன்னடத்தோடு தமிழும் நாள்தோறும் ஒலிக்கும்.

சென்ற நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் அளிக்க வந்த ஓய்வூதியர்களுள் ஓர் ஆசிரியர், அலுவல் முடிந்த பின்னும் எழுந்து செல்லவில்லை. துணிப்பையிலிருந்து ஒரு மடிக்கணினியை எடுத்து மேசைமீது வைத்து, "இதனால் என் கணக்கிற்கு ஏதேனும் ஆகிவிட்டதா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், திருவரங்கத்தில் படித்த அவருடைய பேரன் பெற்ற கணினி அது. பேரன் வேலைக்குச் சென்றதும் தாத்தாவிடம் வந்து சேர்ந்தது. அண்மையில் அது மிகவும் மெதுவாக இயங்கவே, கடையொன்றில் கொடுத்து விண்டோஸை மீண்டும் நிறுவச் செய்தார். கணினி விரைவாயிற்று, ஆனால் வைஃபை இல்லை, ஒலி இல்லை, திரையில் எழுத்துகள் பெருத்துக் கிடந்தன. கைபேசியில் தேடியபோது ஓர் "உதவி மைய" எண் கிடைத்தது. அதில் பேசியவர் கைபேசியில் ஒரு செயலியை நிறுவச் சொன்னார். பின்னர், பதிவுக் கட்டணமாகப் பத்து ரூபாய் மட்டும் செலுத்த நெட் பேங்கிங்கைத் திறக்கச் சொன்னார். "பத்து ரூபாய்க்கு இத்தனை அவசரம் ஏன் என்று தோன்றியது, அழைப்பைத் துண்டித்துவிட்டேன்" என்றார் ஆசிரியர்.

அந்தச் செயலி, தொலைவில் இருப்பவர் நம் திரையைக் காணவும் இயக்கவும் வழிசெய்வது. இத்தகைய செயலிகள் வழியே பணம் பறிக்கப்படுவதை 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி சுட்டிக்காட்டி எச்சரித்துள்ளது. செயலியை நீக்கச் செய்து, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, கணக்கு நடவடிக்கைகளைச் சரிபார்த்தோம். பணம் ஏதும் போகவில்லை. கணினி பழுது நீக்குவது வங்கியின் பணி அன்று. எனினும், நேர்வழி தெரியாத இடத்தில்தான் குறுக்குவழிக்காரர் நுழைகிறார் என்பதால், அந்நேர்வழியை இங்கே விளக்குகிறோம்.

இயக்கி என்பது யாது?

டிரைவர் எனப்படும் இயக்கி, விண்டோஸுக்கும் கணினியின் ஓர் உறுப்பிற்கும் இடையே நிற்கும் மொழிபெயர்ப்பாளர். ஒலி எழுப்பும் சில்லு, வைஃபை அட்டை, தொடுபலகை ஆகிய ஒவ்வொன்றிற்கும் தனித்தனி இயக்கி வேண்டும். கணினி விற்பனைக்கு வரும்போது உற்பத்தியாளர் இவற்றை முன்னரே நிறுவித் தருகிறார். வட்டைத் துடைத்து விண்டோஸை மீண்டும் நிறுவும்போது அவையும் அழிந்துபோகின்றன. உறுப்பு பழுதாகவில்லை, அதனோடு பேசும் ஆள் இல்லை, அவ்வளவே.

இங்கு ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். இயக்கிகளுட் பல, கெர்னல் எனப்படும் விண்டோஸின் உள்ளறையில் இயங்குபவை. சாதாரணச் செயலிகளுக்கு இல்லாத அதிகாரம் அவற்றிற்கு உண்டு. வங்கியின் பெட்டக அறையை இரு அலுவலர்கள் தத்தம் சாவியுடன் சேர்ந்துதான் திறக்க முடியும் என்பதை அறிவீர்கள். முன்பின் அறியாதவர் தரும் இயக்கியை நிறுவுவது, அவ்விரு சாவிகளையும் அவர் கையில் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

பெயரை விடுத்து எண்ணைப் பாருங்கள்

மேற்கூறிய திட்டத்திற்கான மடிக்கணினிகளை எல்காட் நிறுவனம் வெவ்வேறு உற்பத்தியாளர்களிடமிருந்து வெவ்வேறு ஆண்டுகளில் வாங்கியது. மேல்மூடியில் ஒரே அரசு முத்திரை இருப்பினும் உள்ளிருக்கும் பாகங்கள் ஒன்றல்ல. கடையில் வாங்கிய கணினியிலும், ஒரே மாடல் பெயரில் இருவகை வைஃபை அட்டைகள் இருப்பதுண்டு. ஆதலின் பெயரைக் கொண்டு தேடினால் பொருந்தாத இயக்கியே பலமுறை கிடைக்கும்.

உரிய எண்ணைக் கணினியே சொல்லும். ஸ்டார்ட் பொத்தானை வலச்சொடுக்கி டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், இயக்கி இல்லாத உறுப்புகள் மஞ்சள் எச்சரிக்கைக் குறியுடன் தோன்றும். அதன்மீது வலச்சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ் எனச் சென்று, பட்டியலில் ஹார்டுவேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்குள்ள நீண்ட வரியில் "வென்" என்பதை அடுத்து நான்கு இலக்கக் குறியீடும், "டெவ்" என்பதை அடுத்து மற்றொரு நான்கு இலக்கக் குறியீடும் இருக்கும்.

நம் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் முதல் நான்கு எழுத்துகள் வங்கியையும், இறுதி ஆறு இடங்கள் கிளையையும் குறிப்பது போன்றதே இது. "வென்" உற்பத்தியாளரைக் காட்டும். "டெவ்" அவருடைய எந்தப் பொருள் என்பதைக் காட்டும். 8086 எனில் இன்டெல். 10இசி எனில் ரியல்டெக். 14இ4 எனில் பிராட்காம். 168சி எனில் குவால்காம் ஏதெரோஸ். இன்டெல் 1978இல் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் எண்ணும் 8086 என்பதால், அதை நினைவில் வைத்தல் எளிது. ஆசிரியரின் கணினியில் வைஃபைக்கு 168சி என்றும் ஒலிக்கு 10இசி என்றும் இருந்தன. இரண்டையும் தம் பற்றுவரவுப் புத்தகத்தின் உறையிலேயே குறித்துக்கொண்டார்.

எங்கிருந்து பெறுவது?

வைஃபை இயங்காத கணினியில் இணையம் எப்படி என்னும் ஐயம் முதலில் எழும். ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி கம்பியால் கணினியுடன் இணைத்து, கைபேசி அமைப்புகளில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். இதற்கு வேண்டிய இயக்கி விண்டோஸிலேயே இருப்பதால் பெரும்பாலும் உடனே இணைப்பு கிடைக்கும். அதன்பின் கீழ்க்காணும் வரிசையில் முயலுங்கள்.

முதலாவது, விண்டோஸ் அப்டேட். வழக்கமான புதுப்பித்தல்கள் முடிந்ததும் ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்னும் பகுதியையும் பாருங்கள். விடுபட்ட இயக்கிகள் பெரும்பாலும் அங்கே காத்திருக்கும். பலருக்கு வேலை இத்துடன் முடிந்துவிடும்.

இரண்டாவது, கணினி உற்பத்தியாளரின் தளம். மடிக்கணினியின் அடிப்புறத்திலோ மின்கலத்தின் அடியிலோ ஒட்டப்பட்டுள்ள வரிசை எண்ணை அங்கே இட்டால், அக்கணினிக்கு உரிய பட்டியல் வரும். பழைய கணினிகளுக்கு விண்டோஸ் 7 அல்லது 8 வரையிலான இயக்கிகளே இருக்கக்கூடும். 32 பிட், 64 பிட் வகை பொருந்தினால், வைஃபை, தொடுபலகை முதலியவற்றின் பழைய இயக்கிகள் விண்டோஸ் 10இலும் பல நேரங்களில் இயங்குகின்றன.

மூன்றாவது, மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் என்னும் மைக்ரோசாஃப்டின் சொந்தக் களஞ்சியம். குறித்துவைத்த "வென்", "டெவ்" வரியைத் தேடற்பெட்டியில் இட்டால் பொருத்தமான கோப்புகள் காட்டப்படும். இறக்கிய கோப்பை ஒரு கோப்புறையில் விரித்து, டிவைஸ் மேனேஜரில் அப்டேட் டிரைவர் என்பதன் வழியே அக்கோப்புறையைக் காட்டினால் போதும்.

நான்காவதாக ஒரு வழி பழைய கோப்புகளிலேயே இருக்கலாம். வட்டைத் துடைக்காமல் விண்டோஸ் நிறுவப்பட்டிருந்தால், சி வட்டில் "விண்டோஸ்.ஓல்ட்" என்னும் கோப்புறை இருக்கும். பழைய இயக்கிகள் அதனுள் "டிரைவர்ஸ்டோர்" என்னும் உட்கோப்புறையில் உள்ளன. அப்டேட் டிரைவரில் அதையே காட்டலாம். இக்கோப்புறை பொதுவாகப் பத்து நாளில் தானே நீங்கிவிடும் என்பதால் காலம் தாழ்த்தலாகாது.

நிறுவும்போது முதலில் சிப்செட், பின்னர் வைஃபை, அடுத்துத் திரை, ஒலி, தொடுபலகை என ஒவ்வொன்றாக நிறுவுவது நல்லது. தொடங்குமுன் ரெஸ்டோர் பாயின்ட் ஒன்றை அமைத்துக்கொண்டால், தவறு நேரினும் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

எங்கே நிறுத்த வேண்டும்?

எல்லா இயக்கிகளையும் ஒரே சொடுக்கில் தருவதாகக் கூறும் தனியார் மென்பொருள்கள் தேவையில்லை. 64 பிட் விண்டோஸ், கெர்னலில் இயங்கும் இயக்கிகளில் மின்னணுக் கையொப்பத்தை எதிர்பார்க்கிறது. கையொப்பம் இருப்பது மட்டுமே முழு உறுதி ஆகாது. ஆனால் அச்சோதனையை அல்லது வைரஸ் காப்பை நிறுத்திவிட்டு நிறுவுமாறு யாரேனும் கூறினால், அவ்விடத்திலேயே நிறுத்திவிடுங்கள். தேடலில் தோன்றும் தொலைபேசி எண்களை அழைக்காதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் இயக்கிக்கு ஓடிபி, பின், அட்டை எண் எதுவும் தேவைப்படுவதில்லை.

ஏமாந்துவிட்டதாக உணர்ந்தால், இணையத்தைத் துண்டித்து, உடனே வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழையுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளர் தம் இரகசிய விவரங்களைப் பகிர்ந்ததால் நேரும் இழப்பை, வங்கிக்கு அறிவிக்கும் வரை அவரே ஏற்க வேண்டும். அறிவித்த பின் நேரும் இழப்பு வங்கியைச் சாரும். ஆதலால் வெட்கப்பட்டுத் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் பணத்தைப் பொறுத்தது.

இயக்கி கிடைத்தால் மட்டும் போதுமா?

எல்லா உறுப்புகளும் இயங்கத் தொடங்கிய பின்னும் ஒரு கேள்வி எஞ்சும். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவுற்றன. விண்டோஸ் 10இல் நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொள்ளும் தனிப்பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்கப்படும் என மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11 கோரும் டிபிஎம் 2.0 முதலிய தகுதிகள் பழைய மடிக்கணினிகள் பலவற்றில் இல்லை. பாதுகாப்புத் திருத்தம் பெறாத கணினி எழுதவும் படிக்கவும் பாட்டுக் கேட்கவும் பயன்படலாம். வங்கிப் பணிக்கு அதனைப் பயன்படுத்தாதீர்கள்.

ஆசிரியர் அடுத்த வாரம் மீண்டும் வந்தார். வைஃபை இயக்கி விண்டோஸ் அப்டேட்டிலும், ஒலி இயக்கி மைக்ரோசாஃப்ட் களஞ்சியத்திலும் கிடைத்தனவாம். "பேரனோடு பேசுவதற்கு மடிக்கணினி; பணத்திற்கு உங்கள் கிளை" என்று சொல்லிவிட்டு, நெட் பேங்கிங் கடவுச்சொல்லை அந்தக் கணினியில் இனி இடுவதில்லை என்றும் உறுதி கூறினார். அந்தப் பிரிவினையைப் பழைய கணினி வைத்திருக்கும் வாடிக்கையாளர் அனைவருக்கும் பரிந்துரைக்கிறோம்.