தேன்சிட்டுக்கு உட்கார இடம் வேண்டும்

அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும் ஓசனிச்சிட்டு அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் பூ தேடி வருவது தேன்சிட்டு. இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. தேன்சிட்டுக்கு மஞ்சள் வயிறு, கீழ்நோக்கி வளைந்த அலகு; ஆணுக்குத் தொண்டையில் கருநீல மினுக்கம்.

இது பெரும்பாலும் உட்கார்ந்துதான் குடிக்கும். அதனால் பூவைப் போலவே, கால் பற்றக் கிடைக்கும் காம்பும் முக்கியம். இட்லிப்பூச் செடி இதற்கு வெகு பொருத்தம்; பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி பால்கனியில் ஒரு தொட்டி வைத்தாலும் போதும்.

செம்பருத்தி, 1960 முதல் மலேசியாவின் தேசிய மலர். அதன் அடிப்பக்கத்தை உற்றுப் பாருங்கள். சின்னக் கீறல் தெரிகிறதா? முன்வாசலை விட்டுவிட்டு, தேன்சிட்டு பக்கச் சுவரில் கன்னம் வைத்துத் தேன் எடுத்த தடயம் அது. மகரந்தத்தைத் தொடாத திருட்டு. பூவுக்கு நஷ்டம், பார்க்கிற நமக்கு வேடிக்கை.

ஹெலிகோனியா அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த செடி. அங்கே ஓசனிச்சிட்டு குடிக்கும் தேனை இங்கே தேன்சிட்டு குடிக்கிறது. கொல்லையில் வாழை இருந்தால் இன்னும் நல்லது. வாழைப்பூவில் தலைகீழாகத் தொங்கும் சிட்டைக் காணலாம்.

பூச்சிமருந்து மட்டும் வேண்டாம். குஞ்சுகளுக்குத் தேன் போதாது. பூச்சியும் சிலந்தியும்தான் இரை. நார்களையும் காய்ந்த புல்லையும் சிலந்தி நூலால் பிணைத்துத்தான் கூடு கட்டும். கிள்ளானின் தரை வீடுகளில், வாசலில் தொங்கும் பூந்தொட்டியில்கூட அந்தக் கூடு ஆடும்: நீண்ட சுருக்குப்பை போல, நுழைவழிக்கு மேல் ஒரு குட்டித் தாழ்வாரத்துடன்.