இரைப்பைச் சிரைக் குருதிப்போக்கும் வயிற்றைத் திறவாச் சிகிச்சை முறைகளும்: ஒகேனக்கல் பகுதியை முன்வைத்து

முன்னுரை

ஒகேனக்கல், தருமபுரியிலிருந்து ஏறத்தாழ 46 கி.மீ. தொலைவில், பென்னாகரத்திற்கு அப்பால் இறங்கும் மலைச்சாலையின் முடிவில் உள்ளது. இங்குக் கல்லீரல் நோயாளி ஒருவர் குருதி வாந்தியெடுப்பாராயின், அவர் பெறும் சிகிச்சையை நோயோடு தொலைவும் தீர்மானிக்கும். அறுவையின்றி இக்குருதிப்போக்கை நிறுத்தும் முறைகளையும் அவற்றின் வரிசையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நோயின் தன்மை

சிரோசிஸ் நோயில் கல்லீரல் இறுகுவதால், குடலிலிருந்து அதற்குக் குருதி கொணரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் மிகுகிறது. குருதி மாற்றுவழி தேட, உணவுக்குழாய், இரைப்பை ஆகியவற்றின் சிரைகள் புடைக்கின்றன. புதுதில்லியில் 568 நோயாளிகளை ஆராய்ந்து எஸ்.கே. சரின் குழுவினர் 1992இல் வெளியிட்ட வகைப்பாடு இன்றும் பயன்படுகிறது. இரைப்பைப் புடைப்புகள் உணவுக்குழாய்ப் புடைப்புகளைவிடக் குறைவாகவே வெடிக்கின்றன; வெடிப்பின் இழப்பு மிகுதி என்பது அதன் முக்கிய முடிவு.

சிகிச்சை முறைகள்

முதலாவது, எண்டோஸ்கோப்பி வழியே சயனோஅக்ரிலேட் பசையைச் செலுத்துதல். குருதி பட்டவுடன் இறுகும் இப்பசை புடைப்பை அடைக்கிறது. சோஹேந்திரா குழுவினர் 1986இல் இதனை வெளியிட்டனர். பசைத்துணுக்கு நுரையீரலை அடைதல் இதன் அரிய இடர்.

இரண்டாவது, பி.ஆர்.டி.ஓ. பல நோயாளிகளில் இரைப்பைப் புடைப்பிலிருந்து இடச் சிறுநீரகச் சிரைக்கு இணைப்புவழி ஒன்று உண்டாகியிருக்கும். தொடைச் சிரை வழியே மென்குழாயை அங்குச் செலுத்திப் பலூனால் அடைத்துப் புடைப்பை உறையச் செய்வர். ஜப்பானின் கனகாவா குழுவினர் 1996இல் 32 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டனர். கல்லீரலுக்குச் செல்லும் குருதி மிகுவது இதன் நன்மை. போர்ட்டல் அழுத்தம் உயர்ந்து வயிற்றுநீரும் உணவுக்குழாய்ப் புடைப்பும் பெருகக்கூடும் என்பது குறை.

மூன்றாவது, டிப்ஸ். கழுத்துச் சிரை வழியே சென்று கல்லீரலுக்குள் ஸ்டென்ட் பொருத்தி அழுத்தத்தைக் குறைப்பர். எனினும் கல்லீரலைத் தவிர்த்துச் செல்லும் குருதியால் மனக்குழப்பம் நேரலாம். ஆகவே இணைப்புவழியின் அமைப்பும் கல்லீரலின் நிலையுமே தேர்வை முடிவு செய்கின்றன.

ஒகேனக்கல் பகுதிக்குரிய வரிசை

பின்னிரு முறைகளுக்குக் கதிரியல் வல்லுநரும் சிறப்புக் கூடமும் தேவை. எனவே முதலில் அடையும் மருத்துவமனையிலேயே மூச்சுவழியைக் காத்து, டெர்லிபிரசின் அல்லது ஆக்ட்ரியோடைடு மருந்தும் நுண்ணுயிர்க்கொல்லியும் தொடங்குதல் இன்றியமையாதது. அளவுமீறிய குருதியேற்றம் போர்ட்டல் அழுத்தத்தை உயர்த்தும். ஹீமோகுளோபின் 7–8 கிராம் அளவே பொதுவான இலக்கு. அடுத்து, இயன்றவரை 12 மணி நேரத்திற்குள் எண்டோஸ்கோப்பி, பின்னர் சி.டி. படத்தால் இணைப்புவழியை அறிந்து உயர்நிலை மையத்திற்கு அனுப்புதல்.

முடிவுரை

புதிய கருவிகள் உயிர்காக்க, நோயாளி அவற்றை அடையும்வரை உயிருடன் இருத்தல் வேண்டும். ஆதலின் தொலைவிடங்களில் முதலுதவி மருந்தும், சிரோசிஸ் கண்டறியப்பட்டோருக்குக் குருதிப்போக்கிற்கு முன்பே புடைப்பு உள்ளதா என்னும் மதிப்பீடும் இச்சிகிச்சைகளின் பகுதியாகவே கொள்ளத்தக்கன.