சூடேறும் கார்: காசு கொடுக்கமுன் பாருங்கள்

2016ஆம் ஆண்டு, ஸ்காபரோவில், சீட்டெடுத்த காசில் 2,200 டொலருக்கு என் முதல் காரை வாங்கினேன். தொழிற்சாலையில் இரவு வேலை. அந்த நேரம் பஸ் இல்லை. அதனால் அவசரப்பட்டேன். பார்க்கப் போனபோது விற்றவர் எஞ்சினை முன்னமே ஓடவிட்டு வைத்திருந்தார். அதை நல்ல மனமென்று நினைத்தேன். மூன்றாம் நாள் 401 நெடுஞ்சாலை நெரிசலில் சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. பொனற்றிலிருந்து ஆவி கிளம்பியது. ஹெட் காஸ்கற் போய்விட்டதாம். திருத்தக் கேட்ட காசு காரின் விலையிலும் கூட.

புதிதாக வந்திருக்கும் உறவுகளே, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். ஒயில் மூடியின் உட்புறம் பால்தேத்தண்ணி நிறத்தில் நுரை இருந்தால் ஒயிலுடன் றேடியேற்றர் தண்ணீர் கலந்திருக்கக்கூடும். எஞ்சின் சூடான பின்பும் ஓயாத வெள்ளைப் புகை வந்தால் அதுவும் கெட்ட குறி. பிறகு 20 நிமிடம் ஓட்டுங்கள். நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடியே 10 நிமிடம் முள்ளைக் கவனியுங்கள். ஓடும்போது காற்றே குளிர்விக்கும்; நிற்கும்போதுதான் விசிறியின் குறை தெரியும்.

ஒன்ராறியோவின் பாதுகாப்புச் சான்றிதழ் பிறேக், ரயர், லைற் போன்றவற்றைப் பார்த்துத் தருவது, எஞ்சினுக்கு உத்தரவாதமல்ல. ஆகவே தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டிய பிறகே காசைக் கொடுங்கள்.

வீதியில் சூடேறினால் ஏசியை நிறுத்தி, ஹீற்றரை முழுதாகப் போட்டு, ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். சூடு ஆறும்வரை றேடியேற்றர் மூடியைத் தொடாதீர்கள்.

எனது கார் பழைய இரும்புக்குப் போனது. சீட்டுக் காசை மட்டும் இன்னும் 11 மாதம், நடந்து வேலைக்குப் போய்க் கட்டினேன்.