மலிவு விலை பங்கு... வெடிக்குமா, நமத்திருக்குமா?

சிவகாசிப் பட்டாசுக் கடைகள்ல தள்ளுபடி போர்டு பார்த்திருப்பீங்க. பெட்டியில அச்சடிச்ச விலை ஒண்ணு, நாம கொடுக்கிற விலை வேற. ஆனா, உள்ளே மருந்து நமத்திருந்தா, எந்த விலைக்கு வாங்கினாலும் நஷ்டம்தானே பாஸ்?

பங்குச் சந்தையிலும் அதே கதைதான். 1926-ல் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி, தொடர் நஷ்டத்தில் தவிச்சது. பங்கு விலை சரிய, முதலீட்டாளர்கள் ரெண்டு கட்சி ஆனாங்க. '500-க்கும் மேல கிளைகள் இருக்கு. பெரிய கை வாங்கினா பங்கு எகிறும்!' இது ஒரு கட்சி. 'வாராக்கடன் மூலதனத்தையே தின்னுடுச்சே!' இது இன்னொண்ணு.

பெரிய கை வந்தது. 2020 நவம்பர் 27-ல் டி.பி.எஸ். வங்கியோடு இணைப்பு. புது மூலதனம் 2,500 கோடி ரூபாய். டெபாசிட்காரர்கள் தப்பிச்சாங்க. பங்கு வெச்சிருந்தவங்களுக்கு? பூஜ்யம்!

காரணம் சிம்பிள். சொத்தில் கடன் போக மிஞ்சுறதுதான் பங்குதாரருக்கு. வரிசையில் கடைசி ஆள் அவர்தான்.

நாளைக்கே விருதுநகர் பஜாரில் யாராவது, 'கம்பெனி தேறிடும் தம்பி, சல்லிசா கிடைக்குது'ன்னு சொன்னா, விலையைக் கேட்காதீங்க. 'கடன் போக மிச்சம் எவ்வளவுண்ணே?'ன்னு கேளுங்க. பதில் வரலைன்னா, அப்பா சேர்த்த காசு வீட்டிலேயே இருக்கட்டும்!