விலையை மூடலாம், வண்டியை மூடக் கூடாது

போன அக்டோபரில் அப்பாவோட காரை வித்தோம். 2014 மாடல் கேம்ரி, ஓடினது 96,000 மைல். அப்பாவுக்கு 74 வயசு. புரை ஆபரேஷன் ஆன பிறகும் ராத்திரி எதிர்ல வர்ற வண்டி வெளிச்சம் கண்ணைக் கூசுதுன்னு சொல்லி, சாவியை அவரே கொண்டுவந்து என் கையில கொடுத்துட்டார். ஜர்னல் ஸ்கொயர் பக்கம் குடியிருக்கிறவங்களுக்குத் தெரியும், ஓட்டாத காரைத் தெருவுல வெச்சிருக்கிறது எவ்வளவு தொல்லைன்னு. தெரு கூட்டுற நாள் வந்தா காலையிலேயே எழுந்து போய் வண்டியை வேற பக்கம் மாத்தணும். மறந்தா அபராதச் சீட்டு.

கெல்லி ப்ளூ புக்கில் போட்டுப் பார்த்தேன். தனியார் ஒருத்தர் இன்னொருத்தருக்கு நேரடியா விக்கிற விலைன்னு அதுல ஒரு கணக்கு உண்டு. 'நல்ல நிலை' என்று தேர்ந்தெடுத்தா அந்த வாரம் 8,700 டாலர் காட்டியது. ஒரு படி கீழே இறக்கினா 7,600. நான் 8,900ன்னு எழுதி நம்ம தமிழ் வாட்ஸ்அப் குழுவுல போட்டேன். எப்படியும் பேரம் பேசுவாங்க, 8,500க்கு முடிக்கலாம்னு கணக்கு.

மறுநாள் சாயங்காலமே ஒரு தம்பி வந்தார். மதுரைப் பக்கம். இங்க வந்து ஒரு வருஷம்தான் ஆகுது. மனைவிக்கு ஏழாம் மாசம். ஆஸ்பத்திரிக்குப் போய்வர இனிமே ஊபரை நம்ப முடியாதுன்னு கார் தேடறாங்க. வண்டியை ஒரு சுத்துச் சுத்திப் பார்த்தார். கார்ஃபேக்ஸ் அறிக்கையைக் கொடுத்தேன். விபத்து எதுவும் இல்லைன்னு போட்டிருந்தது. கென்னடி பூல்வார்டில் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து சொன்னார்: "சரிண்ணா. நம்ம ஊர்க்காரர், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். சனிக்கிழமை பணத்தோட வந்துடறேன்."

ஒரு டாலர்கூட குறைச்சுக் கேட்கலை. நான் சந்தோஷமா மாடி ஏறினேன்.

அப்பா சோபாவில் உட்கார்ந்திருந்தார். "எவ்வளவுடா கொறைச்சுக் கேட்டான்?"

"ஒண்ணும் குறைக்கலைப்பா. அப்படியே 8,900."

அவர் முகம் மாறிடுச்சு. "தூணு விஷயம் சொன்னியா?"

சொல்லலை. 2019ல் ஒரு கடை பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது அப்பா தூணில் இடிச்சுட்டார். பின் பக்கத் தகடு உள்ளே போயிடுச்சு. இன்சூரன்ஸுக்குச் சொன்னா பிரீமியம் ஏறும்னு கைக்காசு 1,900 டாலர் கொடுத்துச் சரிபண்ணி, பெயின்ட் அடிச்சோம். போலீஸ் ரிப்போர்ட் கிடையாது, இன்சூரன்ஸ் கிளெய்ம் கிடையாது. அதனால கார்ஃபேக்ஸிலும் கிடையாது. யாராவது தகவல் கொடுத்தாத்தான் அந்த அறிக்கையில் ஏறும். அது சுத்தமா இருந்தா வண்டி அடிபடலைன்னு அர்த்தம் இல்லை, யாரும் பதிவு பண்ணலைன்னுதான் அர்த்தம்.

"அவர் கேட்கலைப்பா" என்றேன்.

"கேட்கத் தெரியாதவன்கிட்ட கேட்கலைன்னு சொல்லாதே" என்றார் அப்பா.

சின்ன வயசுல எனக்கு அப்பா பேரம் பேசினாலே அவமானமா இருக்கும். ஏழு வயசுல இங்க வந்தேன். பத்து வயசு இருக்கும்போது எடிசனில் ஒரு கராஜ் சேல். இருபது டாலர் சைக்கிள். அப்பா டயரை அழுத்தினார், பெடலைக் கையால சுத்தினார், பிரேக் கட்டையைக் காட்டி "இது தேஞ்சிருக்கு, 12 தரேன்" என்றார். நான் போய் காருக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டேன். 14க்கு முடிஞ்சது. உங்களில் நிறைய பேருக்கு இப்படி ஒரு கதை இருக்கும். அதனாலதான் நாம வளர்ந்த பிறகு, சொன்ன விலையைக் கொடுத்துட்டு வர்றதுதான் நாகரிகம்னு நினைச்சுக்கிட்டோம்.

அன்னைக்கு ராத்திரி அப்பா அந்தியூர் சந்தையைப் பத்திச் சொன்னார். அவர் ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். ஈரோடு மாவட்டத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் பெரிய மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் கூடும். அங்கே விலையை வாயால சொல்ல மாட்டாங்க. கை மேல துண்டைப் போட்டு மூடிக்கிட்டு, உள்ளே விரலைப் பிடிச்சுத்தான் பேசுவாங்க. எந்த விரல், எத்தனை விரல்ங்கறதுதான் தொகை. சுத்தி நிக்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அதனால வாங்கறவருக்கும் கௌரவம் போகாது, விக்கிறவருக்கும் போகாது. ஆனா மாட்டை மட்டும் நல்லாப் பார்ப்பாங்க. வாயைத் திறந்து பல்லை எண்ணுவாங்க, சுழி பார்ப்பாங்க, நடக்க விட்டுப் பார்ப்பாங்க.

"விலையைத்தான் மூடுவாங்க. மாட்டை மூட மாட்டாங்க. நீ தலைகீழாப் பண்ணியிருக்கே" என்றார்.

யோசிச்சுப் பார்த்தா நாம இங்கே செய்யறது அதேதான். விலை எல்லாருக்கும் தெரியற மாதிரி குழுவுல பளிச்னு இருக்கு. வண்டியோட கதைதான் துண்டுக்குள்ள இருக்கு.

பொருளாதாரத்தில் இதுக்கு ஒரு பேர்பெற்ற கட்டுரையே உண்டு. ஜார்ஜ் அகர்லாஃப் 1970ல் பழைய கார் சந்தையை உதாரணமா வெச்சு எழுதினார். மோசமான காரை அமெரிக்காவில் எலுமிச்சை என்பாங்க. எது நல்ல கார், எது எலுமிச்சைன்னு விக்கிறவருக்குத் தெரியும், வாங்கறவருக்குத் தெரியாது. அதனால வாங்கறவர் நடுத்தரமா ஒரு விலைதான் கொடுப்பார். நல்ல கார் வெச்சிருக்கிறவர் அந்த விலைக்கு விக்க மனசில்லாம விலகிடுவார். கடைசியில் சந்தையில் எலுமிச்சைகள்தான் மிஞ்சும். 2001ல் அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது, மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் இருவரோடும் சேர்த்து.

நம்ம குழுக்களில் இந்தச் சிக்கலுக்கு ஒரு மருந்து இருக்கு: 'நம்ம ஆளு' என்ற நம்பிக்கை. ஆனா அதுவேதான் ஆபத்தும். வெளியாள்கிட்ட வாங்கினா அந்தத் தம்பி பத்து கேள்வி கேட்டிருப்பார், மெக்கானிக்கிட்ட கொண்டுபோயிருப்பார். என்கிட்ட கேட்கறது மரியாதைக் குறைவுன்னு நினைச்சார். அவர் காட்டிய மரியாதையை நான் லாபமா எடுத்துக்கிட்டேன்.

மறுநாள் போன் பண்ணினேன். முதல் ஒரு நிமிஷம் எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. அப்புறம் தூண் விஷயத்தைச் சொன்னேன், பழைய ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "நீங்களே ஒரு மெக்கானிக்கைத் தேர்ந்தெடுங்க, என்னைக் கேட்க வேண்டாம். வண்டியைக் கொண்டுபோய் காட்டுங்க. அப்புறம் விலை பேசலாம்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வேண்டாம்னு சொல்லிடுவார்னு நினைச்சேன். "சரிண்ணா, வெள்ளிக்கிழமை கொண்டுபோறேன்" என்றார்.

மெக்கானிக் சொன்னது: தகடு வேலை ஒழுங்கா பண்ணியிருக்காங்க, சட்டத்துக்கு அடி இல்லை. ஆனா பின் பிரேக் தேஞ்சிருக்கு, ரெண்டு டயர் குளிருக்கு முன்னாடி மாத்தணும். இது எனக்கே தெரியாது. இப்ப அந்தத் தம்பி முதல் தடவையா பேரம் பேசினார்: "பிரேக்குக்கும் டயருக்கும் சேர்த்து 700 ஆகும்னு சொல்றாங்கண்ணா. தகடு வேற இருக்கு. 7,700 வெச்சுக்கலாமா?" நான் 8,000 என்றேன். 7,900ல் முடிஞ்சது. முதலில் சொன்னதைவிட ஆயிரம் குறைவு. புத்தகத்தின் ரெண்டு விலைக்கும் நடுவில். வண்டி உண்மையில் எங்கே இருந்ததோ அங்கே.

இதுல நான் கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

தொகையைச் சொல்லும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்க. "கடைசியா எவ்வளவு?" என்பது பேரம் இல்லை. "பிரேக் தேஞ்சிருக்கு, அதனால இவ்வளவு" என்பதுதான் பேரம். அப்பா அந்தச் சைக்கிளுக்குச் செய்ததும் அதுதான், எனக்குத்தான் அப்ப புரியலை.

நியூ ஜெர்சியில் பழைய காருக்கான லெமன் சட்டம் டீலர் விக்கிற வண்டிகளுக்குத்தான். நாம ஒருத்தருக்கொருத்தர் வித்துக்கிறதுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. தெரிஞ்சே பொய் சொல்லி வித்தா வழக்கு வரலாம், ஆனா ஏழாம் மாசத்துல இருக்கிற குடும்பம் கோர்ட்டுக்கா போகும்? அதனால காசு கைமாறும் முன்னாடி மெக்கானிக் பரிசோதனை கட்டாயம். வின் நம்பரை நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் போட்டா, சரிசெய்யப்படாத ரீகால் இருக்கான்னு இலவசமா தெரிஞ்சுக்கலாம்.

டைட்டிலில் உண்மையான விலையை எழுதுங்க. எம்விசியில் பேர் மாத்தும்போது வாங்கறவர் 6.625 சதவீதம் விற்பனை வரி கட்டணும். 7,900க்கு அது 523 டாலர் 38 சென்ட். "5,000னு போட்டுக்கலாமா?"ன்னு கேட்கிறது நம்மகிட்ட சகஜம். அது வரி ஏய்ப்பு. எங்க விஷயத்துலயும் அந்தப் பேச்சு வந்தது, மாட்டேன்னுட்டேன். ஓடின மைலையும் சரியா எழுதணும்; 2011 முதலான மாடல்களுக்கு 20 வருஷம் வரை இது மத்திய அரசு விதி. நம்பர் பிளேட்டைக் கழட்டிடுங்க. நியூ ஜெர்சியில் அது வண்டியோட போகாது, விக்கிறவர் எம்விசியில் திருப்பிக் கொடுக்கணும். பணத்தை வாங்கறவரோட வங்கிக் கிளையிலேயே வெச்சு வாங்கிக்கிட்டா கள்ளக் காசோலைப் பயம் இல்லை.

இன்னொண்ணு, இதுக்கு நேர்மாறான பக்கம். எச்-1பி-யில் இருக்கிறவருக்கு வேலை போனா, அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அதுக்குள்ள வேற வேலையோ வேற வழியோ கிடைக்கலைன்னா கிளம்பணும். அப்ப குழுவுல கார், கட்டில், டைனிங் டேபிள்னு வரிசையா வரும். "அவருக்கு அவசரம், பாதி விலைக்குக் கேளு"ன்னு ஒருத்தர் என்கிட்டயே சொல்லியிருக்கார். பொருளில் இருக்கிற குறைக்காக விலையைக் குறைக்கலாம். ஆளோட கஷ்டத்துக்காகக் குறைச்சா அதுக்குப் பேர் பேரம் இல்லை. அதே மாதிரி, ஒத்துக்கிட்ட விலையை வாசலில் வந்து நின்னு மறுபடி குறைக்கிறதும் கூடாது. விக்கிறவர் வேற ஆளை அனுப்பிட்டு உங்களுக்காகக் காத்திருப்பார்.

சில பொருளுக்கு நியாய விலை பூஜ்யம்தான். பெரிய விபத்தில் இருந்த குழந்தை கார் சீட் பார்க்க நல்லா இருந்தாலும் விக்கக் கூடாது, இனாமாவும் கொடுக்கக் கூடாது. பக்கத் தடுப்பு கீழே இறங்குற பழைய மாடல் தொட்டில்களை 2011 ஜூன் முதல் அமெரிக்காவில் விக்கத் தடை. கராஜில் கிடந்தா பிரிச்சுப் போட்டுடுங்க.

அந்தத் தம்பியும் மனைவியும் சனிக்கிழமை வந்தாங்க. என் ஒன்பது வயசு மகள் டைட்டிலில் கையெழுத்துப் போடறதைப் பக்கத்திலேயே நின்னு பார்த்தாள். "ஏன்ப்பா நீயே போன் பண்ணி விலையைக் குறைச்சே?"ன்னு கேட்டாள். நான் பதில் யோசிக்கிறதுக்குள்ள அப்பா சொன்னார்: "அவங்களுக்குத் தெரியாததை நாம சொல்லணும் கண்ணு. அப்புறம்தான் பேரம்."

போகும்போது அந்தப் பொண்ணு பின் சீட்டில் ஏறி, கார் சீட் எங்கே வைக்கலாம்னு அளந்து பார்த்தாங்க. அப்பா ஜன்னல்கிட்ட குனிஞ்சு, ரிவர்ஸ் எடுக்கும்போது வலது பக்கம் கொஞ்சம் கவனமா பார்க்கச் சொன்னார். டிசம்பரில் பையன் பிறந்தான். அப்பாவுக்குத்தான் முதலில் போட்டோ வந்தது.